குத்திப் பார்ப்பதா, துளைத்துப் பார்ப்பதா: தொழிற்சாலை நிலத்தடி மாசைத் தேடும் வழிகள்

சிங்கப்பூரில் தொழிற்பேட்டை நிலங்களைக் குத்தகைக்கு விடும் அரசு அமைப்பான ஜேடிசி கழகத்தின் நிலத்தில் ரசாயனமோ எண்ணெயோ புழங்கும் தொழில் நடத்துபவர்கள், நிலத்தை எடுக்கும்போது ஒருமுறையும் திருப்பி ஒப்படைக்கும்போது ஒருமுறையும் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கை தர வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நிலம் கெட்டிருந்தால், அதைச் சுத்தம் செய்து கொடுக்கும் பொறுப்பு குத்தகைதாரர் தலையில் விழும். இந்தச் சோதனையை எந்த முறையில் செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பல முதலாளிகள் விலைப்பட்டியலின் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். அங்கே மிச்சம் பிடித்த வெள்ளி, பிறகு மண் அள்ளும் செலவில் பல மடங்காகப் போவதைப் பார்த்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரைப்பான்களோ எரிபொருளோ புழங்கிய நிலம் என்றால், உணர்கருவி பொருத்திய கம்பியை மண்ணுக்குள் குத்தி இறக்கி முதலில் படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் காட்டும் இடத்தில்தான் மாதிரி எடுப்பதும் கிணறு போடுவதும். உலோகக் கழிவு நிலத்துக்கும் தீயணைப்பு நுரை கொட்டிய நிலத்துக்கும் இது பொருந்தாது. சிங்கப்பூரின் எல்லா மண்ணிலும் கம்பி இறங்காது என்பதும் உண்மை.

வழக்கமான முறையை முதலில் பார்ப்போம். வளாகத்தில் நான்கைந்து இடங்களைக் குறித்து ரிக் வைத்துத் துளையிடுவார்கள். அரை மீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ ஒரு மண் மாதிரி. துளைக்குள் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயை இறக்கி, கீழ்ப்பகுதியில் சுமார் 3 மீட்டருக்குச் சல்லடைக் கீறல் வைத்துக் கிணறாக்குவார்கள். தண்ணீர் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினால் அறிக்கை தயார். இந்த முறைக்குப் பழமையின் மரியாதை உண்டு. அதிகாரிகளுக்குப் பழக்கமானது, எண்கள் ஆய்வகத்திலிருந்து வருபவை, அதே கிணற்றில் அடுத்த வருடமும் தண்ணீர் எடுத்து ஒப்பிடலாம்.

ஆனால் 3 மீட்டர் கீறல் என்பது 3 மீட்டர் ஆழத்து நீரையும் ஒன்றாகக் கலந்து கொடுப்பது. மாசு ஒரு சாண் தடிமனுள்ள மணல் பட்டையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், மேலும் கீழும் உள்ள நல்ல நீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். பத்து மடங்கு கூடுதலாக இருக்கும் சரக்கு வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வரும். மண் மாதிரியிலும் இதே சிக்கல். 4 மீட்டரில் ஒன்று, 5 மீட்டரில் ஒன்று எடுத்தால் 4.4 மீட்டரில் கிடப்பதை யார் பார்த்தார்கள்?

இன்னொரு கேடும் உண்டு. கட்டடக் கடைக்காலுக்கு மண் பார்க்கும் ரிக்குகள் பெரும்பாலும் தண்ணீரைப் பீய்ச்சியபடி துளையிடுபவை. மண்ணின் வலிமையைப் பார்க்க அது போதும். ஆவியாகும் ரசாயனத்தைத் தேடும்போது அந்தத் தண்ணீரே தடயத்தைக் கழுவிவிடும், மேலே கிடந்ததைக் கீழேயும் கொண்டுபோகும். விலைப்பட்டியலில் துளையிடும் முறை என்ன என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீர் பீய்ச்சும் முறை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இனி குத்தும் முறை. அரிசி மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியைச் செருகி உள்ளே இருக்கும் அரிசியை எடுத்துப் பார்ப்பார்களே, அதே வேலைதான். சங்கிலிச் சக்கரத்தில் நகரும் சிறிய இயந்திரம், உள்ளங்கைக்குள் அடங்கும் பருமனுள்ள எஃகுக் கம்பிகளைத் தன் எடையாலும் சுத்தியலாலும் மண்ணுக்குள் அழுத்துகிறது. எதையும் தோண்டி வெளியே கொட்டுவதில்லை. மண் ஒதுங்கி வழிவிடுகிறது. இந்த வகை இயந்திரங்களில் பெயர் பெற்றது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஜியோபுரோப் நிறுவனத்துடையது. இதற்கு மூத்தது நெதர்லாந்தில் 1930களில் பிறந்த கூம்பு ஊடுருவல் சோதனை, சி.பி.டி. என்று நம் பொறியாளர்கள் சொல்வது. கடலைத் தூர்த்த நிலத்தில் வேலை செய்த எவருக்கும் அது பழக்கமானது.

குத்தும் முறையிலேயே இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகை, வெறும் மாதிரி எடுப்பது. கம்பிக்குள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை இருக்கும். மேலே இழுத்ததும் உறையைக் கொக்கிக் கத்தியால் நீளவாக்கில் கீறித் திறப்பார்கள். மேசைமேல் மண் ஒரு நீண்ட உருளையாகப் படுத்திருக்கும். மேலே காவி நிற நிரப்பு மண், அடுத்து சாம்பல் மணல், அதன்கீழ் வெண்ணெய் போன்ற நீலச்சாம்பல் களிமண். மணலும் களியும் சேரும் கோட்டில் மட்டும் விரல் அகலத்துக்குக் கறுத்து டீசல் வாடை அடிக்கும். கையடக்க வாயு மானியை அந்தக் கோட்டில் வைத்தால் எண் தாவும், நான்கு விரல் தள்ளி வைத்தால் அடங்கும். இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மீட்டருக்கு ஒரு மாதிரி போதும் என்று பிறகு சொல்வதில்லை.

இரண்டாவது வகையில் கம்பியின் நுனியிலேயே உணர்கருவி இருக்கும். அது மண்ணுக்குள் இருந்தபடியே செய்தி அனுப்பும். இவற்றில் முதன்மையானது எம்.ஐ.பி. எனப்படும் சவ்வுக் கருவி. கம்பியின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சவ்வு பதித்திருக்கும். அதன் பின்னால் உள்ள வெப்பக் கட்டி சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். சூட்டில் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆவியாகும் ரசாயனங்கள் சவ்வின் வழியே உள்ளே ஊடுருவும். உள்ளே ஓடும் நைட்ரஜன் வாயு அவற்றை மெல்லிய குழாய் வழியே மேலே வண்டியில் இருக்கும் கண்டறிகருவிகளுக்குக் கொண்டுவரும். கம்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்க, திரையில் கோடுகள் வளரும்.

கண்டறிகருவிகள் வழக்கமாக மூன்று. பி.ஐ.டி. பென்சீன், டொலுயீன் போன்றவற்றை நன்றாகக் காணும். எக்ஸ்.எஸ்.டி. குளோரின் போன்ற ஹாலஜன் உள்ளவற்றை மட்டும் காணும். எஃப்.ஐ.டி. எரியக்கூடிய கரிமம் எதையும் காணும், மீத்தேன் உட்பட. மூன்றையும் சேர்த்துப் படிப்பதில்தான் கலை இருக்கிறது. காலாங் ஆற்றுப் படுகையையும் பழைய கடலோரத்தையும் ஒட்டிய மண்ணில் மக்கிய தாவரப் படிவு நிறைய. அங்கே எஃப்.ஐ.டி. மட்டும் எகிறி மற்ற இரண்டும் சும்மா இருந்தால், அது பெரும்பாலும் மண் தானே உண்டாக்கிய மீத்தேன். எக்ஸ்.எஸ்.டி. எகிறினால் அதை இயற்கையின்மேல் போட முடியாது. யாரோ கரைப்பானைக் கொட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். வாயு நுனியிலிருந்து மேலே வந்துசேர ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தை அளந்து மென்பொருளில் சரிசெய்யாவிட்டால் ஆழக் கணக்கு முழுவதும் தவறிப்போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு குத்தலுக்கு முன்னும் பின்னும், அளவு தெரிந்த ரசாயனக் கரைசலில் நுனியை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் டி7352 நடைமுறை சொல்கிறது. அவசரத்தில் பின்சோதனையை விட்டுவிடும் குழுக்கள் உண்டு. அறிக்கையோடு அந்தச் சோதனைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, மாசு அதிகமான அடுக்கைக் கடந்த பிறகும் குழாயில் ஒட்டியிருக்கும் எச்சம் வெகுநேரம் வந்துகொண்டிருக்கும். கோடு ஏறும்போது செங்குத்தாகவும் இறங்கும்போது நீண்ட வாலாகவும் இருந்தால், மாசின் மேல்விளிம்பை நம்பலாம், கீழ்விளிம்பை நம்ப முடியாது. அந்த வாலைப் பார்த்து இரண்டு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் அத்தனையும் வீண்செலவு.

எம்.ஐ.பி.யின் பெரிய குறை, அது மௌனமாக இருப்பதால் நிலம் சுத்தம் என்று ஆகிவிடாது என்பது. இங்கே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் டச்சுத் தலையீட்டு வரம்புகள், அதாவது மாசு கடுமையானது என்று நெதர்லாந்து கருதும் அளவுகள். நிலத்தடி நீரில் பென்சீனுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், டெட்ராகுளோரோஎத்திலீனுக்கு 40, வினைல் குளோரைடுக்கு வெறும் 5. சாதாரண எம்.ஐ.பி.யின் பார்வையோ பல ரசாயனங்களுக்கு லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமில்தான் தொடங்குகிறது, சிலவற்றுக்கு ஆயிரத்தை ஒட்டி. அதாவது மாசு குவிந்து கிடக்கும் மூல இடத்தை அது காட்டும், வரம்பை ஒட்டி நிற்கும் மெல்லிய கசிவைக் காட்டாது. என்ன ரசாயனம் என்றும் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகவே எம்.ஐ.பி. படத்தை மட்டும் வைத்து நிலம் தூய்மை என்று எழுதித் தருபவரை நம்பாதீர்கள். ஆய்வகத்தில் அளந்த எண்கள் இல்லாத அறிக்கை நிற்காது.

எண்ணெய்க்கு எல்.ஐ.எஃப். எனப்படும் லேசர் முறை. கம்பியின் பக்கத்தில் நீலமணிக் கல்லால் ஆன சிறிய சன்னல். அதன் வழியே 308 நானோமீட்டர் புறஊதா லேசர் துடிப்புகள் மண்மேல் விழும். டீசல், பெட்ரோல், மசகு எண்ணெய் போன்றவற்றில் உள்ள பலவளையச் சேர்மங்கள் ஒளிரும், அந்த ஒளி, கண்ணாடி இழை வழியே மேலே வரும். வாயு பயணிக்கக் காத்திருக்க வேண்டாம் என்பதால் வேலை எம்.ஐ.பி.யைவிட வேகமாக நடக்கும். சென்டிமீட்டர் கணக்கில் துல்லியம். ஆனால் எண்ணெயாகத் தேங்கிக் கிடப்பதை மட்டுமே காணும். நீரில் கரைந்ததைக் காணாது, குளோரின் கரைப்பான்களையும் காணாது. தார் போன்ற கனத்த சரக்கு புறஊதாவில் சரியாக ஒளிர்வதில்லை. அதற்குப் பச்சை லேசர் வைத்த தனிக் கருவி தேவை. காலாங் எரிவாயு ஆலை 1862ல் தொடங்கி 1998ல்தான் உற்பத்தியை நிறுத்தியது. நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த எந்த ஆலைக்கும் தார் ஒரு பக்கவிளைபொருள். அப்படிப்பட்ட பழைய நிலங்களில் எந்த லேசர் என்று கேட்காமல் ஒப்பந்தம் போடக் கூடாது. இன்னொன்று, நம் கடற்களிமண்ணில் சிப்பித் துண்டுகள் நிறைய, சிப்பியும் ஒளிரும். நான்கு அலைநீளங்களில் வரும் ஒளியின் வடிவத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால், சிப்பிப் படுகை டீசலாகிவிடும்.

மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றை உறிஞ்சிப் பார்க்கும் மண்வளிச் சோதனை மலிவானதுதான். ஆனால் வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நிலத்தடி நீர் பல இடங்களில் ஓரிரு மீட்டரிலேயே நிற்கும் ஊரில் மண்ணுக்குள் வளி எங்கே இருக்கிறது? கட்டடத்துக்குள் ஆவி ஏறுகிறதா என்று பார்க்கவும், மணல் நிரப்பிய நிலத்தில் முதல் மோப்பம் பிடிக்கவும் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி மண். சிங்கப்பூரில் முறையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி முடிவை நிலவியலே எடுத்துவிடுகிறது. துவாஸ், ஜூரோங் தீவு போன்ற தூர்த்த நிலங்களில் மேலே மணல் நிரப்பு, பல இடங்களில் அதன்கீழ் காலாங் படிவத்தின் மென்மையான கடற்களிமண். கம்பி நெய்யில் கத்தி போல இறங்கும். குத்தும் முறைக்கு இதைவிடத் தோதான நிலம் இல்லை. கிழக்கே சாங்கி, பிடோக், தெம்பனிஸ் பக்கம் ஓல்ட் அலூவியம் எனப்படும் பழைய வண்டல், ஆழம் போகப் போக இறுகிக் கல்போல ஆகிவிடும். மேலே இளகிய பகுதியைத் தாண்டியதும் கம்பி நின்றுவிடலாம். புக்கிட் தீமா கிரானைட்டின் மேல்மண்ணிலும் கம்பி போகும், ஆனால் உள்ளே புதைந்திருக்கும் உருண்டைப் பாறையில் மோதினால் அவ்வளவுதான். நகர மையத்தில் போர்ட் கேனிங் பாறைப் படுகை இருக்கும் இடத்தில் குத்தும் கருவியை இறக்குவது கருவியை உடைப்பதற்குச் சமம், அங்கே துளையிடும் ரிக்தான். பழைய கட்டட இடிபாடு போட்டு மேடாக்கிய வளாகங்களிலும் எச்சரிக்கை தேவை, கான்கிரீட் துண்டு சவ்வைக் கிழித்துவிடும்.

கடற்களிமண்ணைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. கீழே களி இருக்கிறது, எதுவும் இறங்காது என்பார்கள். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். குளோரின் கரைப்பான்கள் அப்படியில்லை. ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைப்போல் 1.46 மடங்கு கனம், டெட்ராகுளோரோஎத்திலீன் 1.62 மடங்கு. மூழ்கும் சரக்கு. காலாங் படிவமும் ஒரே சீரான களி இல்லை. மேல் களிக்கும் கீழ்க் களிக்கும் இடையே, கடல் பின்வாங்கியிருந்த காலத்தில் காய்ந்து இறுகிய அடுக்கு உண்டு, ஆற்று மணல் திட்டுகளும் உண்டு. கரைப்பான் அந்த மணலைத் தேடிப் பிடித்து ஓடும். களிக்குள்ளும் மெல்ல ஊறும், பிறகு மேலே மணலைச் சுத்தம் செய்த பின்னும் களியிலிருந்து பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும். கிணற்று நீரை எத்தனை முறை சோதித்தாலும் களிக்குள் ஊறியிருப்பது தெரியாது. எம்.ஐ.பி.க்கு நீர் ஓட்டம் தேவையில்லை, களிக்குள்ளும் அது படிக்கும். கரைப்பான் நிலத்துக்கு அதை நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

மண் வகையைத் தெரிந்துகொள்ள எம்.ஐ.பி.யோடு மின்கடத்துதிறன் உணரியும் வரும். வழக்கமாக எண் உயர்ந்தால் களி, தாழ்ந்தால் மணல். தூர்த்த நிலத்தில் கடல்நீர் ஊடுருவியிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உப்புநீர் நிறைந்த மணலும் களிபோல் காட்டும். எனவே கடலோர வளாகம் என்றால், நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தி எதிரழுத்தத்தை அளக்கும் எச்.பி.டி. உணரியையும் சேர்த்துக் கேளுங்கள். நீர் எளிதாக உள்ளே போனால் மணல், அழுத்தம் ஏறினால் களி. உப்பு அதை ஏமாற்ற முடியாது.

குத்தும் முறைக்குச் சாதகமான இன்னொன்று, கழிவு. துளையிட்டால் வெளியே வரும் மண்ணும் சேறும் மாசடைந்திருக்கலாம். அப்படியானால் நச்சுத் தொழிற்கழிவாக உரிமம் பெற்றவர் மூலம் அகற்ற வேண்டும், அந்தச் செலவு முதல் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. குத்தினால் ஏறத்தாழ ஒன்றும் வராது. ஆனால் எந்த முறையாக இருந்தாலும் மின்கம்பி கண்டறிதலும், கையால் தோண்டும் சோதனைக் குழியும் தவிர்க்க முடியாதவை. எம்ஆர்டி பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். கம்பியை உருவிய ஓட்டையைப் பென்டோனைட் எனும் உப்பும் களிமண்ணின் குழம்பால் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். அடைக்காமல் விட்ட ஓட்டை, மேலே கிடக்கும் கரைப்பானுக்கு நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால்.

துவாஸில் உலோகப் பட்டறை நடத்தும் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, ஐந்து கிணறு போட்டால் முடிந்துவிடும் என்கிறார்கள். நீங்கள் இரண்டு முறை செலவு வைக்கிறீர்களே?" என்றார். நியாயமான கேள்வி. "அண்ணே, பாகங்களை எதில் கழுவினீர்கள்?" என்று கேட்டேன். தொடக்க வருடங்களில் ட்ரைகுளோரோஎத்திலீன், பிறகு சோப்பு நீர். பின்பக்கம் ஒரு டீசல் தொட்டி. அவருடைய நிலத்துக்கு நான் சொன்ன திட்டம் இதுதான். கழுவும் தொட்டி இருந்த இடத்தையும் வடிகாலையும் சுற்றி எம்.ஐ.பி.யும் எச்.பி.டி.யும் சேர்த்து நெருக்கமாகக் குத்துவது. நாளைக்கு 40 முதல் 60 மீட்டர் வரை முடியும் என்பதால் ஆழமாகக் குத்தத் தேவையில்லாத அவருடைய வளாகத்தில் பல இடங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். அன்றன்றைய படத்தைப் பார்த்து மறுநாள் எங்கே குத்துவது என்று முடிவெடுப்பது. உச்சம் காட்டிய ஆழங்களிலும், வேண்டுமென்றே ஒன்றும் காட்டாத சில ஆழங்களிலும் உறை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. பிறகு ஐந்துக்குப் பதில் இரண்டோ மூன்றோ கிணறு, குட்டையான கீறலோடு, படம் காட்டிய மணல் பட்டையில் மட்டும். டீசல் தொட்டிக்குத் தனியாக லேசர் வரவழைக்கத் தேவையில்லை. சிறிய தொட்டி, இடம் தெரியும், நாலைந்து உறை மாதிரிகள் போதும். பெரிய எண்ணெய்க் கிடங்காக இருந்திருந்தால் லேசரைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அவருடைய இடத்தில் கரைப்பானே புழங்காமல், மின்முலாம் பூசும் தொட்டிகளில் குரோமியமும் நிக்கலும் மட்டும் இருந்திருந்தால் எம்.ஐ.பி. வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். ஆவியாகாததை அது காணாது. தீயணைப்பு நுரையில் இருக்கும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்களுக்கும் அப்படியே. அங்கெல்லாம் குத்தி எடுத்த உறை மாதிரியும், ஒரு மீட்டர் நீளச் சல்லடையைக் கம்பியோடு இறக்கி ஆழம் ஆழமாக எடுக்கும் நீர் மாதிரியும், ஆய்வகமும்தான் வழி. வளாகம் மிகச் சிறியது, கசிந்த இடம் கண்ணால் தெரிகிறது என்றாலும் கருவியை வரவழைக்கும் செலவு தாங்காது. கருவி சிங்கப்பூரிலேயே இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். குத்துவதற்கான மீட்டர் விலை குறைவாக இருந்தும் மொத்தத் தொகை ஏறுவதற்கு வரவழைக்கும் செலவே காரணமாக இருக்கும். பக்கத்து வளாகத்திலும் அதே வேலை வருகிறதென்றால் இருவரும் பேசி ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விலைப்பட்டியல் கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: கம்பி இறங்காமல் நின்றுவிட்டால் அந்த இடத்துக்குக் கட்டணம் எப்படி, ஒவ்வொரு குத்தலுக்கும் முன்பின் சோதனைப் பதிவு தரப்படுமா, ஓட்டைகளை அடைப்பது விலையில் அடங்குமா, படங்களின் மூலத் தரவுக் கோப்பு உங்கள் கைக்கு வருமா. கடைசியில் சொன்ன கோப்பு குத்தகை முடிந்து நிலம் கைமாறிய பிறகும் தேவைப்படலாம். அடுத்து வருபவர் நிலத்தைக் கெடுத்துவிட்டு உங்களைக் கைகாட்டினால், எந்த ஆழத்தில் எது இருந்தது, எது இல்லை என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அது மட்டும்தான்.